நீர்நாய்க்கு நான் சொன்ன சாட்சி

அது 1958. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை கிடைத்து, ஸ்ரீரங்கத்தின் வடக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் தனியாகக் குடியிருந்தேன். வயது இருபத்தெட்டு. பதினெட்டிலேயே கணவரை இழந்தவள். ஊர் வாயைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பா என்னைப் படிக்க வைத்தார். நான் முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தில், விடிகாலையில் என்னைப் போன்ற ஒருத்தி எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று பெயர். திட்டமாட்டார்கள், முகம் சுளிக்கவும் மாட்டார்கள். வாசல் வரை வந்தவர்கள் எதையோ மறந்துவிட்டவர்கள் மாதிரி உள்ளே திரும்பிப் போய், ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இவர்கள் என்ன என்னைப் பார்த்து ஒதுங்குவது, நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்று, தெரு விழிப்பதற்கு முன்பே கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போய்விடுவேன். வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் யாரும் எதிரே வரமாட்டார்கள் என்பதுதான் அதன் விசேஷம்.

தை மாதம் ஒரு நாள், குளித்துவிட்டுப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது எதிர் மணல்திட்டில் இரண்டு நீர்நாய்கள் புரண்டு விளையாடுவதைப் பார்த்தேன். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்தது அன்றுதான். ஒன்று மணலில் மல்லாந்து படுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டது. இன்னொன்று அதன் மேல் ஏறி விழுந்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து என்னைப் பார்த்துக் கீச்சென்று ஒரு குரல் கொடுத்தன. என்னைக் கண்டு திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்காத ஜீவன்கள்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் போய் உட்கார ஆரம்பித்தேன். சும்மா வேடிக்கை பார்க்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தேன். நீர்நாய்கள் ஒரே பாறையில்தான் எச்சமிடும். எச்சம் என்பது நான் சொல்லும் நாகரிக வார்த்தை, ஆற்றங்கரைக்காரர்கள் சொல்வது வேறு. ஒரு பிராணி என்ன தின்கிறது என்று அதைக் கேட்க முடியாது. அது தின்று கழித்ததில் மிஞ்சுகிற ஓடு, எலும்பு, மயிர் இவற்றைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இது இதைத் தின்கிறது, அது எதைத் தின்கிறது என்று தொடர்ந்துகொண்டே போனால் ஓர் ஆற்றின் பிழைப்பே தெரிந்துவிடும் என்று எங்கள் புரொபசர் சொல்லுவார். எனக்கு அது பிடித்துவிட்டது.

முதல் நாள் ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கார மாமியிடம் நான் கல்லூரியில் கணக்கு சொல்லித்தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். தவளை அறுக்கிறேன் என்றால் அறை கிடைத்திருக்குமா?

"ஏண்டியம்மா, டப்பாவுல என்னமோ நாத்தம் வரதே?" என்றார் மாமி.

எனக்குப் பொய் சொல்லவும் சமயத்தில் வராது. "நீர்நாயோட எச்சம் மாமி" என்று சொல்லிவிட்டேன். ராம ராமா! கிணற்றில் பாதித் தண்ணீரை மாமி அன்று முற்றத்தில் கொட்டித் தீர்த்தார். அப்படியும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். "ஆத்துல அலம்பற வஸ்துவை ஆத்துலயே அலம்பிட்டு வா. மடியா இருக்கற எடத்துல கொண்டு வராதே" என்பதோடு விட்டுவிட்டார்.

அதனால் மறுநாளிலிருந்து ஆற்றிலேயே வேலை. பழைய பயறு சல்லடை ஒன்று என்னிடம் இருந்தது, கண் அகலமானது. எச்சத்தை அதில் போட்டு, ஓடுகிற தண்ணீரில் அமிழ்த்தி அலசுவேன். சுத்தமாகத் தங்குவதை மட்டும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப் போவேன். மடிக்கும் பங்கமில்லை, ஆராய்ச்சிக்கும் பங்கமில்லை என்று எனக்குள் ஒரே பெருமை.

அப்படி அலசிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு மீன்காரப் பெண் பழக்கமானாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அவளும் அவள் கணவரும் சாயங்காலம் மடுவின் குறுக்கே வலை கட்டிவிட்டுப் போய், விடியலில் எடுப்பார்கள். முதல் நாள் அவள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தபோது நான் சட்டென்று பாதையை விட்டு வாழைக்குள் இறங்கி நின்றேன். தொழிலுக்குப் போகிறவளாயிற்றே.

அவள் நின்றுவிட்டாள். "ஏம்மா அங்க போய் நிக்கிறீங்க? பாம்பு கெடக்கும், மேல வாங்க" என்றாள்.

நான் எதிரே வந்தால் அவளுக்கு நல்லதில்லை என்று முணுமுணுத்தேன்.

"அட போங்கம்மா! நீங்க யாருன்னு மீனுக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு என்னை உரசிக்கொண்டே போனாள். அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பங்குனி மாதம் பிரச்சினை வந்தது. தண்ணீர் வற்றிக் கொள்ளிடம் மடு மடுவாக நின்றது. வலையில் மீன் குறைந்தது. வலை கிழிந்து கிடந்தது. எல்லாம் நீர்நாய் வேலை என்றார்கள். அவள் கணவர் கோபக்காரர், என்னைப் போலவே. அக்கரையில் ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதாகவும், அவரை வரச்சொல்லி நீர்நாய்கள் இரண்டையும் சுட்டுவிடப் போவதாகவும் சொன்னார்.  அவை போனால் எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை. அதை எப்படிச் சொல்வது? சித்திரை முடியும்வரை பொறுங்கள், அவை என்ன தின்கின்றன என்று நான் கண்ணால் காட்டுகிறேன், மீன்தான் என்றால் நீங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்றேன். அவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "டீச்சரம்மா இவ்ளோ சொல்றாங்கல்ல, பொறுங்களேன்" என்றாள் அவள்.

கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். எல்லோரும் ஊருக்குப் போனார்கள். எனக்கு அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், எல்லாம் நல்லபடியாக முடிந்தபின் நான் நிதானமாக வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாமாம். அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். கடிதத்தை நாலாக மடித்து அரிசி டின்னுக்குள் போட்டேன். பதில் எழுதவில்லை. அந்த இரண்டு மாதமும் மாமியைத் தவிர நான் பேசியது ஆற்றங்கரையில்தான்.

சித்திரைக் கடைசியில் என் சாட்சியைக் கொண்டுபோனேன். பாட்டில் நிறைய நண்டு ஓடு, நண்டுக் கால், நண்டுக் கொடுக்கு. மீன் என்று சொல்லப் பெரிய முள் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மணலில் கொட்டிக் காட்டி, வகுப்பெடுப்பது போலவே எடுத்தேன். நீர்நாய் தின்பது நண்டு. உங்கள் வலையை அறுப்பதும் நண்டு. ஆகவே நீர்நாய் உங்கள் எதிரி இல்லை, உங்கள் வலைக்குக் காவல்காரன்! அவர் தலை கடிபட்ட கெண்டை ஒன்றை எடுத்துக் காட்டி, அப்போ இது என்ன என்று கேட்டார். ஆமை கடித்திருக்கும் என்று கூசாமல் சொன்னேன். படித்த திமிர் என்றால் அதுதான்.

அவர் ரொம்ப நேரம் அந்த ஓடுகளைக் காலால் கிளறினார். "படிச்சவங்க சொல்றீங்க, பொய்யா சொல்லப் போறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துப்பாக்கி வரவில்லை. அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குனிந்து வலையிலிருந்து தழையை எடுத்துக்கொண்டிருந்தாள். வெற்றி மயக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. அதற்குப் பின் சில நாட்களில் அவள் கூடையில் அடி மறைய மட்டும்தான் மீன் இருக்கும். அதையும் பார்த்தேன். கோடை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்னைவிட அவள் சீக்கிரமாக ஆற்றுக்கு வருவதையும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஆனி மாதம் கல்லூரி திறந்தது. திறந்த வாரமே வகுப்பில் நீர்நாய் கதையைச் சொன்னேன். பெண்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் ஆற்றில் நேரமாகிவிட்டது. அலசிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். அன்றைக்குக் கிடைத்த எச்சத்தை அலசாமல், வாழையிலையில் சுற்றி டப்பாவில் போட்டு நேராகக் கல்லூரிக்கே கொண்டுபோனேன். வெள்ளை எனாமல் தட்டில் தண்ணீர் விட்டு அதைக் கரைத்துவிட்டு லென்ஸை எடுத்தேன்.

தட்டு முழுக்கச் செதில். நகக்கண் அளவு, கடுகு அளவு, அதைவிடச் சிறியது என்று பளபளவென்று மிதந்தது. அடியில் ஊசி ஊசியாக முள், சின்னச் சின்ன முதுகெலும்புக் கண்ணிகள். ஒரு மூலையில் ஒரே ஒரு நண்டுக் கால்.

நின்ற இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை ஒவ்வொரு நாளும் இதெல்லாம் இருந்திருக்கிறது. என் பயறு சல்லடையின் கண் வழியாக ஆற்றோடு போயிருக்கிறது. கெட்டியான நண்டு ஓடு மட்டும் தங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து சமையலறையில் மீன் என்ற சொல்லையே கேட்காதவள் நான். ஒரு சின்ன மீனைத் தின்றால் என்ன மிஞ்சும், எவ்வளவு மெல்லிசாக மிஞ்சும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீன் சாப்பிடுகிற வீட்டுப் பெண் யாரானாலும் அந்தச் சல்லடையைப் பார்த்ததும் சிரித்திருப்பாள். சரி, தெரியாது. தெரியாதவள் கேட்டிருக்க வேண்டாமா?

அன்று மத்தியானம் வகுப்பில் போய் நேற்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அது போகட்டும். ஆற்றங்கரையில் போய்ச் சொல்வதுதான் பயமாக இருந்தது. சொன்னால் நீர்நாய்கள் போச்சு. சொல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் மீன் போகிறது, நான் சொன்ன பொய்ச் சாட்சியால். வேண்டுமென்று சொல்லவில்லை என்பதெல்லாம் அவர்கள் கூடையை நிரப்பாது.

மறுநாள் விடிந்ததும் போனேன். அவள் மட்டும் மணலில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் காயவைத்துக் கொண்டுபோன செதிலையும் முள்ளையும் அவள் முன்னால் பிரித்து வைத்தேன். "நான் சொன்னது தப்பு. அது மீனைத்தான் திங்கறது. நண்டு கொஞ்சம்தான். உங்களை ஏமாத்திட்டேன்" என்றேன். 

அவள் தைப்பதை நிறுத்தவில்லை. ஒரு விரலால் காகிதத்தில் இருந்ததை நகர்த்தினாள். "இது கெண்டைச் செதிலு. இந்தா, இது கெளுத்தி முள்ளு. கெளுத்தியத் தின்னுச்சுன்னா நல்லதுதான், அது குஞ்சு மீனெல்லாம் முழுங்கிப்புடும். கெண்டையத் தின்னா எங்களுக்கு நட்டம். எல்லாம் ஒரே பானையிலதானேம்மா கைய விடுறோம், அது, நாங்க, கொக்கு எல்லாரும்."

நான் மாதக் கணக்கில் தேடியதை அவள் மூக்குத்தியைச் சரிசெய்கிற நேரத்தில் சொல்லிவிட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம? நீங்க ஆத்துல மேல்பக்கமா ஒக்காந்து சலிப்பீங்க. நான் கீழ நின்னு வலைய அலசுவேன். செதிலெல்லாம் எங் கால சுத்திக்கிட்டுத்தான் போகும், தெனமும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. தெரிந்துகொண்டே என்னைப் பைத்தியக்காரி மாதிரி பேச விட்டாயா, உன் வீட்டு மீன் போகிறதே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கத்தினேன்.

அவள் அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தாள். "அதப் பாக்கத்தானே தெனம் வர்றீங்க. அதுங்க ஆடுறதப் பாத்துச் சிரிக்கிறீங்க, அப்புறம் எங்கிட்ட வந்து ரெண்டு வார்த்த பேசுறீங்க. ஒத்தையா இருக்குற பொம்பள. அதுங்களச் சுட்டுப்புட்டா நீங்க எங்கம்மா போவீங்க?"

 அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சொன்னாள், நீர்நாய்கள் வெளிச்சம் வரும்போதுதான் மடுவுக்குள் இறங்கும், அதற்கு முன்பே வலையைத் தூக்கிவிட்டால் நஷ்டம் கொஞ்சம் குறையும் என்று அவள் சீக்கிரம் வர ஆரம்பித்ததை. ஒரு நாழிகைத் தூக்கம் போகிறது, அவ்வளவுதான் என்றாள்.

"அவுருகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளைத் தன் கணவரிடம் மறைக்க வைத்துவிட்டு, நான் தினமும் வந்து நீர்நாயை வேடிக்கை பார்ப்பது எப்படி? அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்ததும் அவள் கண்ஜாடையால் தடுக்கத் தடுக்கச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உங்கள் மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு பொய்யை மட்டும் கூசாமல் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "ஆடிப் பதினெட்டு கழியட்டும், பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பரிசலைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. நியாயம்தான்.

ஆனால் ஆடியில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வருஷம் கொள்ளிடத்தில் கரை முட்ட ஓடியது. மணல்திட்டு, பாறை, மடு எல்லாம் முழுகின. அவர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். வெள்ளம் வடிந்தபின் நீர்நாய்கள் இரண்டையும் காணோம். மேலே எங்கோ போயிருக்கலாம். துப்பாக்கிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மணல்திட்டு வேறு இடத்தில் புதிதாகக் கிடந்தது, அதில் ஒரு தடம்கூட இல்லை.

அன்று வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மேட்டிலிருந்து அவள் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதுங்க போயிருச்சும்மா" என்றாள், ஏதோ வீட்டில் துக்கம் சொல்வது போல. "இனிமே வரமாட்டீங்கல்ல?"

"நாளைக்கு வரேன்" என்றேன்.

போனேன். அதற்கப்புறம் இரண்டரை வருஷம், வேலை மாற்றலாகி ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பும்வரை, அநேகமாகத் தினமும் போனேன். அவள் மீன் பிரிப்பாள், எனக்கு ஒவ்வொன்றின் பேரும் சொல்லுவாள். நான் தொடமாட்டேன், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கிளம்பிய அன்று அவள் ஊரில் இல்லை, சொல்லிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு கடிதம் போடலாம் என்றால் விலாசம் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது.

அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ அறை. எல்லாம் தனி அறைதான். எனக்கென்று யாருமில்லை என்று தோன்றுகிற நாட்கள் இப்போதும் உண்டு. அப்போதெல்லாம், எனக்குத் தெரியாமலே எங்கோ யாரோ ஒருத்தி என் பொருட்டு எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கலாம், என் கண்ணில்தான் படவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன், பாதி நாட்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.